குவியலைப் புரட்டுவதா, நிறுத்துவதா?

இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கமிருந்து கேட்டிருக்கிறீர்கள். அரை ஏக்கரில் லீக்ஸ், கரட், கோவா. இரண்டு பால்மாடு. மிஞ்சுகிற இலை தழை, சாணம், வெளியே வாங்குகிற கோழி எரு எல்லாவற்றையும் குவித்து, மேலே கொஞ்சம் டொலமைட்டும் (மண்ணின் புளிப்பைக் குறைக்கப் போடுகிற சுண்ணாம்புக் கல் தூள்) தூவிக் கூட்டெரு போடுகிறீர்கள். குவியலிலிருந்து மெதேன் வருகிறது, அது பூமியைச் சூடாக்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து மகள் உங்களைக் கேட்டுவிட்டாள். அடிக்கடி புரட்டிப் போட்டால் வாயு குறையுமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் கடைசியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: குவியலடியில் கறுப்புத் தண்ணீர் வடிகிறது, அழுகிய முட்டை மாதிரி நாறுகிறது. அதையும் சேர்த்துப் படித்தால், இந்த வேலையைத் தொடர்வதா, விட்டுவிடுவதா என்றுதான் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தொடருங்கள். ஆனால் இப்போது செய்கிற மாதிரி வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் மண் இரசாயனம் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறிக் காணிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் எருக் குவியல்களோடு திரிந்தவன். வாயுவை அளக்கிற கருவி என் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. அலவாங்கும் மூக்கும்தான் என் ஆயுதம். அந்த மூக்கையும் ஓரளவுக்குத்தான் நம்பலாம், ஏனென்றால் குவியலிலிருந்து வருகிற மெதேனுக்கும் நைதரசு ஒட்சைட்டுக்கும் நாம் பிடிக்கிற மாதிரி வாசமே கிடையாது. ஆகவே கீழே வருகிற வாயுக் கணக்கெல்லாம் ஐநாவின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தருகிற சராசரிகளை வைத்து நான் போட்டவை. ஈரம், சூடு, கலவை பற்றிச் சொல்வது கையால் செய்து பார்த்தது.

முதலில் வாயுக்களைப் பிரித்துக்கொள்வோம். குவியலிலிருந்து கூடுதலாக வெளியேறுவது காபனீரொட்சைட்டு. அதைப் பற்றி மகள் கவலைப்பட வேண்டாம். கோவா இலை போன மாதம் காற்றிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கணக்கில் வருவது இரண்டு. ஒன்று மெதேன். குவியலுக்குள் காற்றுப் புகாத ஈரக் கட்டிகளில், பெரும்பாலும் முதல் சில வாரங்களில் உண்டாகும். மற்றது நைதரசு ஒட்சைட்டு. இது கள்ளன் மாதிரி, பின்னால் வரும். குவியல் நன்றாகச் சூடாக இருக்கும்போது அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுகிற நுண்ணுயிர்கள் வேலை செய்யாது; 45 பாகைக்குக் கீழே ஆறத் தொடங்கிய பிறகுதான் தலைகாட்டும். அந்தச் சமயம் குவியல் ஓரிடத்தில் காற்றோட்டமாகவும் பக்கத்திலேயே சொதசொதவென்றும் இருந்தால் நைதரசு ஒட்சைட்டு வரும். கொஞ்சமாக வந்தாலும் கேடு பெரிது: நூறு வருடத்தில் பூமியை எவ்வளவு சூடாக்கும் என்று பார்த்தால் ஒரு கிலோ மெதேன் சுமார் 27 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம், ஒரு கிலோ நைதரசு ஒட்சைட்டு 273 கிலோவுக்குச் சமம்.

இனிக் கணக்கு. சுமார் 60 வீதம் ஈரமுள்ள ஒரு தொன் கழிவைக் கூட்டெருவாக்கினால் சராசரியாக 4 கிலோ மெதேனும் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நைதரசு ஒட்சைட்டும் வரும் என்பது ஐ.பி.சி.சி. எண். இரண்டையும் காபனீரொட்சைட்டாக மாற்றிக் கூட்டினால் ஏறக்குறைய 170 கிலோ. ஆனால் அந்தச் சராசரியை விட அதன் இரண்டு நுனியையும் பாருங்கள். மெதேன் ஒரு தொன்னுக்கு 30 கிராமிலிருந்து 8 கிலோ வரை, நைதரசு ஒட்சைட்டு 60 கிராமிலிருந்து 600 கிராம் வரை. கூட்டினால் நல்ல குவியலுக்கு 20 கிலோகூட இல்லை, கெட்ட குவியலுக்கு 380 கிலோ. அதே கழிவுதான். குவிக்கிற விதத்தில் இருபது மடங்கு வித்தியாசம்.

அப்படியானால் குவிக்காமலே விட்டால் என்ன? எங்கே விடுவீர்கள் என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் விடுவது என்றால் பெரும்பாலும் ஓடையோரப் பள்ளத்தில் கொட்டுவது. மழை ஊறிக் கிடக்கும் அந்தக் குவியலில் மெதேன் எவ்வளவு என்று அதே ஐ.பி.சி.சி. முறையில், ஆழமில்லாத குப்பைமேட்டுக்குரிய எண்ணைப் போட்டுப் பார்த்தேன். கூட்டெருவைப் போல ஐந்து மடங்கு வந்தது. கரட் இலையை அறுவடை செய்த பாத்தியிலேயே மெல்லியதாகப் பரப்பிவிடுவது வேறு கதை. அதில் மெதேன் அநேகமாக இல்லை, உங்களுக்கும் சுமக்கிற வேலை மிச்சம். கோவா இலையை அப்படிச் செய்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. நைதரசன் கூடிய இலை அது, ஈர மண்ணில் புதைந்து அழுகும்போது நைதரசு ஒட்சைட்டு நன்றாக வரக்கூடும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறுகிறது. அப்புறம் ஒரு விகிதமும் மனதில் இருக்கட்டும்: இந்தியத் துணைக்கண்டத்துப் பால்மாடு ஒன்று வருடத்தில் ஏப்பமாக விடுகிற மெதேன் 58 கிலோ என்பது பொது எண். மலைநாட்டுக் கலப்பினப் பசுவுக்கு அதைவிடக் கூடும். அது ஒன்றே 1,500 கிலோ காபனீரொட்சைட்டைத் தாண்டும். குவியலை நினைத்து மகள் இராத்தூக்கம் கெடத் தேவையில்லை, மாட்டுக்குத் தெரியாமல் இருந்தால் சரி.

உங்கள் குவியலில் என்ன கோளாறு? தண்ணீர். மலைநாட்டில் நான் பார்த்த கெட்ட குவியல்களில் பத்தில் ஒன்பதுக்கு இதுதான் காரணம். கூட்டெரு பற்றிய புத்தகங்கள் காபன், நைதரசன் விகிதத்தில் தொடங்கும். நுவரெலியாவில் வருடத்துக்கு 1900 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது, இங்கே ஈரத்தில்தான் தொடங்க வேண்டும். கோவா இலையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். புதுச் சாணத்தில் எட்டுப் பங்கு. நூறு கிலோ இலையும் நூறு கிலோ சாணமும் சேர்த்தால் 200 கிலோவில் 170 கிலோ தண்ணீர், அதாவது 85 வீதம். குவியல் மூச்சுவிட வேண்டுமென்றால் 65 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 15 வீத ஈரமுள்ள காய்ந்த புல்லைப் போட்டு அதைச் சரிக்கட்டப் பார்த்தால் 80 கிலோ புல் வேண்டும். எண்பது கிலோ காய்ந்த மானாப் புல் எவ்வளவு பெரிய சுமை என்று வெட்டியவருக்குத்தான் தெரியும். அதனால்தான் யாரும் போடுவதில்லை. ஒரு கட்டுப் புல்லை மேலே தூவி, சாத்திரத்துக்குச் செய்துவிட்டுப் போகிறோம்.

இதற்கு எனக்குத் தெரிந்த மலிவான வழி, இலையை வாடவிடுவது. வெட்டின அன்றே குவிக்காமல் ஒரு தகரக் கூரைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, நாலைந்து நாள் விடுங்கள், இடையில் ஒருமுறை கிளறுங்கள். நூறு கிலோ இலை ஐம்பது கிலோவாகச் சுருங்கினால், முதலில் சொன்ன 80 கிலோ புல்லுக்குப் பதில் 45 கிலோ போதும். கொட்டிலிலும் கொஞ்சம் மாற்றுங்கள். சாணத்தைத் தண்ணீர் அடித்துக் கானில் தள்ளி, பிறகு கானிலிருந்து அள்ளுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. முதலில் வழித்தெடுங்கள், அப்புறம் கழுவுங்கள். தச்சுப் பட்டறையில் மரத்தூள் கிடைத்தால் மாட்டுக்குக் கீழே போடுங்கள். மூத்திரத்தையும் உறிஞ்சும், அந்த நைதரசனும் கானோடு ஓடாது. வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தி பச்சையாக இருக்கும்போது உலர்ந்த பொருளாகாது. அதுவும் நைதரசன் கூடிய இலைதான். அதை வைத்துக் குவியலைக் காயவைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், நடக்காது.

கூரை இல்லாமல் இதெல்லாம் வீண். உங்கள் குவியல் மூன்று சதுர மீற்றர் இடத்தைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் 50 மில்லிமீற்றர் மழை என்பது அதன் தலையில் 150 லீற்றர் தண்ணீர். தென்மேல் பருவத்தில் அப்படிப்பட்ட நாளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தறப்பாளை எடுத்துக் குவியலைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள். என் தொடக்க காலத்தில் ஒரு தோட்டத்தில் நான் அதைத்தான் செய்தேன். கறுப்புப் பொலித்தீனைப் போர்த்தி, ஓரமெல்லாம் கல் வைத்து, இனி மழை என்ன செய்யும் என்று பெருமையாக வந்துவிட்டேன். ஐந்து வாரம் கழித்துத் திறந்தபோது அடியில் சாணம் போட்டபடி பச்சையாகவே இருந்தது, இலையெல்லாம் கூழாகிப் பளபளத்தது. பக்கத்து லயத்துக்காரர்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாலு கம்பு நட்டு, குவியலுக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டுத் தகரமோ தறப்பாளோ போடுங்கள். மேட்டுப் பக்கத்தில் ஒரு சிறு கான் வெட்டிவிட்டால் சரிவில் வருகிற தண்ணீரும் விலகிப் போகும்.

இனி நீங்கள் கேட்ட புரட்டல். இதில் நிச்சயமானது: காற்றுப் போனால் மெதேன் குறையும். சந்தேகமானது: புரட்டப் புரட்ட மொத்தக் கேடு குறையுமா என்பது. புரட்டும்போது அமோனியா எழும்பிப் போகிறது, சில ஆய்வுகளில் நைதரசு ஒட்சைட்டும் கூடியிருக்கிறது, சிலவற்றில் குறைந்திருக்கிறது. ஈரக் குவியலுக்குப் புரட்டல் மருந்து. சரியான கலவையோடு அடுக்கின குவியலுக்கு அடிக்கடி புரட்டல் வெறும் முதுகுவலி. முதல் மாதத்தில் இரண்டு தடவை போதும் என்பது என் எண்ணம். எப்போது என்பதை அலவாங்கு சொல்லும். குவியலின் நடுவுக்கு அலவாங்கைக் குத்திப் பத்து நிமிடம் விட்டு, இழுத்து, நுனியைப் பிடித்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் கையை உதறினால் 55 பாகைப் பக்கம் இருக்கிறது, தொடாதீர்கள். இளஞ்சூடாக இறங்கியிருந்தால் புரட்டுங்கள். குளிராக, வழவழப்பாக வந்து நாறினால் அது சூடேறவே இல்லை, கலவையே பிழை. இரண்டாம் புரட்டலுக்குப் பிறகு சூடு திரும்ப ஏறாவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். ஆறின பிறகுதான் நைதரசு ஒட்சைட்டின் காலம் என்றேன் அல்லவா, அந்தக் கட்டத்தில் நனையவிடக்கூடாது, வருடக் கணக்கில் போட்டும் வைக்கக்கூடாது. முதிர்ந்ததும் மண்ணுக்குக் கொண்டுபோங்கள்.

காற்றுக்கு இன்னொரு வழி அடித்தளம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சிகளை ஓரடி உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்கும் போட்டு அதன் மேல் குவித்தால் அடியிலிருந்து காற்று ஏறும். தடித்த குச்சி அடுப்புக்குப் போய்விடும், அதை யாரும் எருக் குவியலுக்குத் தரமாட்டார்கள், தரவும் வேண்டாம், மெல்லியது போதும். குவியல் உயரம் நாலடி. குளிரூரில் அதைவிடச் சின்னதாக்கினால் சூடு தங்காது, ஆறடி உயர்த்தினால் தன் பாரத்திலேயே நசுங்கி உள்ளே மூச்சுத் திணறும்.

கோழி எரு, டொலமைட்டு விஷயத்துக்கு வருகிறேன். மரத்தூள் கலக்காத கோழி எருவில் நைதரசன் மிக அதிகம், காபன் அதன் பத்து மடங்குகூட இராது. குவியலுக்கு வேண்டியது 25இலிருந்து 30 மடங்கு. அதைக் கோவா இலையோடு சேர்த்தால் மிஞ்சுகிற நைதரசன் அமோனியாவாகக் கண்ணை எரித்துக்கொண்டு போகும். அமோனியா தானே பச்சைவீட்டு வாயு கிடையாது, ஆனால் மழையோடு எங்கோ இறங்கி அதில் ஒரு பங்கு நைதரசு ஒட்சைட்டாகும். காசு கொடுத்து வாங்கின நைதரசனும் போச்சு. காரம் கூடினால் இது வேகமாகும். டொலமைட்டு மெதுவாகக் கரைவதால் பெரிய கேடு செய்யாது, அடுப்புச் சாம்பலும் நீற்றின சுண்ணாம்பும்தான் ஆபத்து. ஆனாலும் குவியலில் டொலமைட்டுக்கு ஒரு வேலையுமில்லை. அமில மண்ணுக்குத் தேவையென்றால் பாத்திக்கு நேரே போடுங்கள், அதுவும் அளவாக. கரைகிற ஒவ்வொரு தொன் டொலமைட்டும் தன் பங்குக்கு அரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைவாகக் காபனீரொட்சைட்டு விடக்கூடியது.

செலவில்லாமல் செய்யக்கூடிய இன்னொன்று, பழைய கூட்டெருவை நாலு விரல் கனத்துக்குப் புதுக் குவியலின் மேல் போர்த்துவது. மெதேனைத் தின்கிற நுண்ணுயிர்கள் அந்தப் பழைய எருவில் குடியிருக்கும், உள்ளேயிருந்து வருவதில் ஒரு பங்கை வழியிலேயே பிடித்துக்கொள்ளும். கரித்தூள் கலப்பதும் பேசப்படுகிறது. பல ஆய்வுகளில் இரண்டு வாயுவும் குறைந்திருக்கிறது, ஆனால் எவ்வளவு என்பது கரிக்குக் கரி, எருவுக்கு எரு மாறுகிறது. அடுப்பில் மிஞ்சின கரியை நொறுக்கிப் போடுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். சாம்பலைச் சலித்து விலக்கிவிட்டுப் போட வேண்டும்.

கூட்டெரு போட்டால் யூரியா தேவையில்லை, அதில்தான் பெரிய லாபம் என்று யாராவது சொன்னால் கணக்குக் கேளுங்கள். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். ஒரு தொன் ஈரக் கூட்டெருவில் 10 கிலோ அளவுதான், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்கு. 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்ப அனுமதித்தபோது இந்தக் கணக்கு எல்லாருக்கும் வயலிலேயே புரிந்தது. ஆனால் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒரு மூட்டை யூரியா மண்ணில் விழுந்தாலே நைதரசு ஒட்சைட்டாகச் சுமார் 100 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமானது கிளம்பும், தயாரிப்பில் செலவாவது தனி. கூட்டெருவும் கோழி எருவும் போட்ட பாத்திக்கு வழக்கமான யூரியாவை அப்படியே போடுகிறவர்கள் நம்மிடையே நிறைய. அங்கே கொஞ்சம் கையை இழுக்கலாம். மண் பரிசோதித்துவிட்டு இழுத்தால் விளைச்சலில் பயமில்லை.

பயோகாஸ் தொட்டி பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். சாணம் மட்டும் என்றால் நல்ல யோசனை, வாயுவை முழுக்க எரித்தால். கந்தப்பளைக் குளிரில் தொட்டி மந்தமாகத்தான் வேலை செய்யும், ஒழுகுகிற தொட்டி கெட்ட குவியலை விட மோசம்.

இப்போதிருக்கிற கறுப்புக் குவியலைக் கொட்டிவிடாதீர்கள். மழையில்லாத ஒரு காலையில் தோட்டத்து இரும்பு முள்ளால் பிரித்து, கட்டிகளை உடைத்து, கூரைக்குக் கீழே ஒரு நாள் ஆறவிடுங்கள். காய்ந்த புல்லும் கவ்வாத்துச் சிறு குச்சியும் கிடைக்கிற அளவுக்குக் கலந்து, ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு மட்டும் வருகிற மாதிரி பார்த்துத் திரும்ப அடுக்குங்கள். கோழி எருவை இந்தமுறை சேர்க்க வேண்டாம். பிரிக்கும்போது வேர் வீங்கி முடிச்சாக இருக்கிற கோவாத் தண்டு அகப்பட்டால் தனியே எடுத்துவிடுங்கள். அந்த நோயின் வித்து சூடு சரியாக ஏறாத குவியலில் சாகாது, எருவோடு முழுக் காணிக்கும் போய்விடும். மூன்று நான்கு நாளில் அலவாங்கு சூடாக வர வேண்டும். வராவிட்டால் எதை எத்தனை கூடை கலந்தீர்கள் என்று எழுதுங்கள், பார்ப்போம்.